பெரியப்பாவுக்குக் கிண்டிலா, டேப்லெட்டா?

நீங்கள் கேட்டது இது. மன்னார்குடியில் இருக்கும் உங்கள் பெரியப்பாவுக்கு வருகிற தை மாதம் 75 வயது நிறைகிறது. பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளை நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் எடுத்துவந்து படித்தே பழக்கப்பட்டவர். இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை ஆனபிறகு, பொடி எழுத்து பிடிபடவில்லை என்று புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார். கையில் ஸ்மார்ட்போன் உண்டு, வாட்ஸ்அப் பார்ப்பதோடு சரி. 20,000 ரூபாய்க்குள் அவருக்கு அமேசானின் மின்வாசிப்பானான கிண்டில் வாங்கித் தருவதா, டேப்லெட் வாங்கித் தருவதா? கண்ணுக்கு எது நல்லது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 7 அங்குலத் திரை உள்ள கிண்டில் பேப்பர்வொயிட். ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். அவற்றில் எது வேறு மாதிரி வந்தாலும் என் பதிலும் மாறும். ஓய்வு நேரத்தில் தமிழ் மின்னூல்கள் ஆக்குகிற வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில், தெரிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இந்தக் கருவிகளை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். சில வீடுகளில் அது தினமும் கையில் இருக்கிறது. சில வீடுகளில் பீரோவுக்குள் போய்விட்டது. எது எங்கே போகும் என்பதைக் கருவியின் விலை தீர்மானித்து நான் பார்த்ததில்லை.

முதல் காரியம், கண்ணாடி. புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற லென்ஸ் பெரும்பாலானவர்களுக்கு ஒரே குவியம் கொண்டது. தூரப் பார்வை தெளிவாக இருக்கும்படி அதைத் தேர்ந்து வைப்பார்கள். கிட்டத்தில் படிக்கத் தனியாகக் கண்ணாடி வேண்டும். அறுவை முடிந்து நாலு முதல் ஆறு வாரம் கழித்து, கண் ஒரு நிலைக்கு வந்தபிறகுதான் அதை அளந்து எழுதிக் கொடுப்பார்கள். டிவி நன்றாகத் தெரிகிறது, தெருவில் வருபவர் முகம் தெரிகிறது என்றதும் பல பெரியவர்கள் அந்தக் கடைசிப் பரிசோதனைக்குப் போவதே இல்லை. பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'எழுத்து பிடிபடவில்லை' என்பார்கள். பெரியப்பாவிடம் அதை முதலில் கேளுங்கள். புதுக் கண்ணாடி வந்தாலே நூலகப் புத்தகம் படிக்க முடிகிறது என்றால், உங்கள் அன்பளிப்பு வேறு ஏதாவதாக இருக்கட்டும்.

இரண்டாவது காரியம்தான் முக்கியம். தொலைபேசியில் பேசி, அவர் படிக்க ஆசைப்படுகிற பத்துப் புத்தகங்களின் பெயரை எழுதி வாங்குங்கள். கருவி வாங்கப் போவதைச் சொல்ல வேண்டாம். 'ரொம்ப நாளாகத் தேடுகிறீர்களே, எதெல்லாம்?' என்று கேட்டால் போதும், வாசிப்பவர்கள் உற்சாகமாகச் சொல்லுவார்கள். பிறகு அந்தப் பத்தையும் நீங்களே உட்கார்ந்து தேடுங்கள். எது கிண்டில் கடையில் இருக்கிறது, எது இலவசத் தளங்களில் மின்னூலாக இருக்கிறது, எது ஸ்கேன் செய்த பக்கங்களாக மட்டும் இருக்கிறது, எது எங்குமே இல்லை என்று நாலு கூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இந்தச் சோதனை தேவையில்லை, கேட்டது அநேகமாக இருக்கும். தமிழில் நிலைமை அப்படி இல்லை. நல்ல பதிப்பகங்களின் புத்தகங்கள் பல இன்னும் அச்சில் மட்டும்தான் கிடைக்கின்றன. பத்தில் ஆறேழு 'எங்குமே இல்லை' என்ற கூறில் விழுந்தால், தயவுசெய்து அந்த 20,000 ரூபாய்க்கும் அச்சுப் புத்தகங்களாக வாங்கி, கூடவே ஒரு நல்ல வாசிப்பு விளக்கும் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடியும் கொடுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன். அவர் படிக்க விரும்புவது அதில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல கருவியும் வெறும் பலகைதான்.

தேடும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம். கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்கள் அதிகாரபூர்வமாக வந்தது 2016 டிசம்பரில். இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்த்துத் தமிழையும் அப்போது திறந்தார்கள். அதற்குப் பிறகு எழுத்தாளர்களே நேரடியாகப் போட்ட நூல்களும் நிறைய சேர்ந்துவிட்டன. அவற்றில் பிழை திருத்தாமல் ஏற்றியவையும் உண்டு, அதனால் வாங்குமுன் மாதிரிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். இலவசத்தில் முதல் இடம் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்துக்கு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. உலகமெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தட்டச்சு செய்து சேர்த்தார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இன்னொன்று. எழுத்தாளர்கள் பொது உரிமத்தில் தந்த நூல்களை, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்க முடிகிற ஈபப் என்ற மின்னூல் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் ஆகவும் தருகிறார்கள்.

பெரியப்பாவின் தலைமுறை விரும்பும் நாவல்கள் பல சட்டப்படியே இலவசம் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் நூல் பொதுவுடைமை. கல்கி 1954 டிசம்பரில் காலமானார், அந்தக் கணக்குப்படியே அவர் எழுத்து இன்று எல்லோருக்கும் சொந்தம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் அதற்கு மேல். ஆக, அச்சில் ஐந்து பாகமாக மடியில் கனக்கிற ஒரு தொடர்கதையைக் காசு கொடுக்காமலே ஏற்றிவிடலாம்.

இனி ஸ்கேன் விஷயம். வரலாற்று ஆசிரியர் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005 முதல் நடந்துவரும் நூலகம் தளத்திலும், ஆர்க்கைவ் (archive.org) தளத்திலும் பழைய ஊர் வரலாறு, கல்வெட்டுத் தொகுதி, நின்றுபோன இதழ்கள் என்று பொக்கிஷமே கிடக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி பக்கங்களைப் படமெடுத்து வைத்தவை. படத்தில் இருக்கும் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்கி, வரிகளை மடித்து ஓடவிட முடியாது. ஒரு டெம்மி அளவுப் புத்தகம் கிட்டத்தட்ட எட்டரை அங்குல உயரம், ஐந்தரை அங்குல அகலம். 7 அங்குலக் கிண்டிலின் திரை உயரம் 5.6 அங்குலம், அகலம் 4.2. முழுப் பக்கமும் தெரியவேண்டும் என்றால் எழுத்து மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். அச்சிலேயே பொடி என்று ஒதுக்கிய எழுத்து இன்னும் பொடியாகும். விரலால் விரித்து இடமும் வலமும் தள்ளிப் படிக்கலாமே என்றால், மின்வாசிப்பானில் ஒவ்வொரு தள்ளலுக்கும் திரை ஒரு கணம் தயங்கி அழிந்து எழுதும், இரண்டு பக்கத்தில் பொறுமை போய்விடும். 11 அங்குல டேப்லெட்டில் அதே டெம்மிப் பக்கம் அச்சில் இருந்த அளவிலேயே முழுதாக உட்கார்ந்துவிடும். குறுக்கே திருப்பிப் பிடித்தால் ஒன்றரை மடங்காகவும் ஆகும். பெரியப்பா சொல்லும் பத்தில் பாதிக்கு மேல் இப்படி ஸ்கேனில் மட்டும் கிடைக்கிறது என்றால் கிண்டிலை மறந்துவிடுங்கள், டேப்லெட்டுக்குப் போங்கள்.

நாவலும் கட்டுரையும்தான் பட்டியலில் அதிகம் என்றால் கிண்டில் ஏன் என்று சொல்கிறேன். கிண்டிலில் இருப்பது இ-இங்க் என்ற மின்மைத் திரை. அதற்குள் தலைமுடி அகலத்தில் நுண்ணிய குமிழிகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. ஒன்றுக்கு நேர்மின், மற்றதற்கு எதிர்மின். கீழிருந்து மின்புலம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் போகும். மேலே வந்தது அப்படியே நிற்கும், நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். திரை மின்கலத்தைச் செலவழிப்பது பக்கம் திருப்பும்போது மட்டும்தான், அதனால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. கண்ணுக்குத் தெரிவது திரையிலிருந்து வரும் ஒளி அல்ல, காகிதத்தில் நடப்பதுபோல வெளி வெளிச்சம் பட்டுத் திரும்புவது. பத்து மணி வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், டேப்லெட் கண்ணாடியில் உங்கள் முகமும் மேலே உள்ள கூரை ஓடும் தெரியும். கிண்டிலில் எழுத்து இன்னும் கறுப்பாகத் தெரியும். இரவுக்கு உள்ளே சிறு விளக்குகள் ஓரத்திலிருந்து திரைமேல் ஒளி பரப்புகின்றன, அதைச் சற்று மஞ்சளாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுதும் சட்டென்று கறுத்து வெளுக்கும். பழைய துகள்களின் நிழலைத் துடைப்பதற்காக அது அப்படிச் செய்கிறது. ஸ்ரீரங்கத்தில் என் அத்தைக்கு ஒன்று அமைத்துக் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் போன் வந்தது. 'பக்கம் திருப்பினால் கண்ணைச் சிமிட்டுகிறதப்பா, கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, அணைத்து வைத்துவிட்டேன்' என்றார். கெடவில்லை அத்தை, அது ஸ்லேட்டைத் துடைத்துக்கொள்கிறது என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, படித்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மூன்றாம் நாளோடு அது முடிந்திருக்கும்.

அளவு விஷயத்தில் 6 அங்குலச் சாதாரணக் கிண்டிலைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் நம் மொழிதான். ஆங்கிலச் சொற்கள் குட்டை. எழுத்தை மிகப் பெரிதாக வைத்தாலும் ஒரு வரியில் நாலைந்து சொல் நிற்கும். நாம் 'வந்துகொண்டிருந்தார்களாம்' என்று ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தையே சொல்லிவிடுகிறோம். 6 அங்குலத்தில் முதியவர்களுக்கு வேண்டிய அளவில் எழுத்தை வைத்தால் அந்த ஒரு சொல்லே ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். அடுத்த வரியில் இரண்டு சொல், நடுவே பெரிய இடைவெளி, அதற்கடுத்த வரியில் ஒன்று. கண் ஓடாமல் தத்தித் தத்திப் போகும். பத்து வரியில் பக்கம் முடிந்துவிடும். 7 அங்குலத்தில் வரிக்கு ஒரு சொல் கூடுதலாக நின்றாலே படிப்பு இழுத்துக்கொண்டு போகிறது. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது, இருபது பக்கம் படித்தால்தான் தெரியும். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி, தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024இல் வந்த பேப்பர்வொயிட் 211 கிராம். 11 அங்குல டேப்லெட் கிட்டத்தட்ட 480 கிராம், உறை போட்டால் அரைக் கிலோவைத் தாண்டும். சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு கையில் பிடித்துப் பத்து நிமிடம் படித்துப் பாருங்கள், மணிக்கட்டே சொல்லிவிடும். இன்னொன்று, படிக்கும் கண்ணாடியை 35, 40 சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் அளந்து கொடுப்பார்கள். டேப்லெட்டை மேசையில் நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் அந்தத் தூரம் 60 சென்டிமீட்டர் ஆகிவிடும். எழுத்து பெரிதாக இருந்தும் மங்கலாகத் தெரிவது இதனால்தான். டேப்லெட் என்று முடிவானால் ஒரு சிக்குப்பலகை வாங்குங்கள். ராமாயணம் வைத்துப் படிக்கிற அதே மரப் பலகைதான். மடியருகே, சரியான சாய்வில், வேண்டிய தூரத்தில் நிற்கும். கடையில் விற்கிற உலோக ஸ்டாண்டுகளைவிட அது எனக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்கும் அது அந்நியமாகத் தெரிவதில்லை.

கண்ணுக்கு எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் சொல்கிறது. திரையையே உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்ந்துபோவதுதான் அலுப்புக்கு முக்கியக் காரணம். எனவே நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி, ஒட்டுத்தாள் என்று பணம் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பெரியப்பாவுக்குப் புரை மட்டும்தான் இருந்தது என்றால் கிண்டில் ஒத்துவரும். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது, சர்க்கரையால் விழித்திரை பாதித்திருக்கிறது என்று மருத்துவர் ஏதாவது சொல்லியிருந்தால் கதையே வேறு. அவர்களுக்குத் தூக்கலான ஒளியும் கறுப்பு வெள்ளை வேறுபாடும் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. பின்னாலிருந்து ஒளிரும் பெரிய டேப்லெட்டில், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்துக் கொடுத்தால், காகிதத்தில் ஒரு வரிகூட முடியாதவர் பக்கம் பக்கமாகப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். படிக்கவே முடியாத நிலை வந்தாலும் ஆண்ட்ராய்டில் தமிழை வாசித்துக் காட்டும் குரல் இருக்கிறது. ஏற்ற இறக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கும், பத்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

வார இதழ்களும் செய்தித்தாளும் திரையில் வேண்டும் என்பவர்களுக்கும் டேப்லெட்தான். கிண்டிலில் இதழ்களுக்குச் சந்தா கட்டும் வசதியை 2023இல் நிறுத்திவிட்டார்கள். இதழ்களின் வண்ணப் பக்கம், கட்டம் கட்டமான அமைப்பு எதுவும் சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில் எடுபடவும் செய்யாது. டேப்லெட் வாங்கினால் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், மெமரி கார்டு போடும் வசதி, இதற்குக் கீழே இறங்காதீர்கள். பெயர் தெரியாத கம்பெனியின் 6,000 ரூபாய் டேப்லெட் ஆறு மாதத்தில் தடவினால் நகராத நிலைக்கு வரும், பெரியவர்கள் தங்களுக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அதுதான் எனக்குத் தாங்காது. மொழியைத் தமிழுக்கு மாற்றி, முகப்பில் நாலு படவுருக்கள் மட்டும் விட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். அந்த டேப்லெட்டில் வங்கிச் செயலி எதுவும் வேண்டாம், வங்கிக்குக் கொடுத்த எண்ணில் அதில் வாட்ஸ்அப்பும் வேண்டாம். ஓய்வூதியம் வாங்குபவர்களைக் குறிவைத்துப் போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் திரிகிற காலம் இது. படிக்கிற கருவியில் அந்த வாசலைத் திறந்து வைப்பானேன்?

கிண்டில் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் படிப்பதைத் தவிர வேறு எதற்கும் பெரிதாக வழியில்லை. டேப்லெட் வாங்கிக் கொடுத்த வீடுகளில் இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் யூடியூப் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு அது பிடித்திருந்தால் தவறு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் திரும்பக் கொடுக்க நினைப்பது அவருடைய வாசிப்பை.

கோபோ, பாக்கெட்புக் போன்ற மற்ற மின்வாசிப்பான்களும் நல்ல கருவிகள். ஈபப்பை நேராகத் திறக்கும், சிலவற்றில் பக்கம் திருப்பப் பொத்தானும் உண்டு, கை நடுங்குபவர்களுக்கு அது வரம். ஆனால் மன்னார்குடியில் அதற்கு ஏதாவது ஆனால் பார்க்க ஆளில்லை என்பதால் உங்களுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து யாராவது கிண்டில் வாங்கி வருகிறேன் என்றால் வாங்கிவரட்டும், கருவி எங்கும் வேலை செய்யும். உத்தரவாதம் மட்டும் இங்கே செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுக் கணக்கில் பதிவு செய்கிறோமோ அந்த நாட்டுக் கடைதான் திறக்கும், எனவே பதிவை இந்தியக் கணக்கில் வையுங்கள். பழைய கருவி வாங்கினால் முந்தையவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பேப்பர்வொயிட் 2025 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய். உறைக்கும் சேர்த்து உங்கள் கணக்குக்குள் வந்துவிடும்.

உறையைத் தள்ளிப்போடாதீர்கள். இ-இங்க் திரை மேல் யாராவது தெரியாமல் உட்கார்ந்தாலோ, தலையணைக்கடியில் அழுந்தினாலோ உள்ளே விரிசல் விட்டுக் கோடு கோடாக நின்றுவிடும், அதற்கப்புறம் சரிசெய்ய வழியில்லை. காந்தம் வைத்த உறையாக வாங்குங்கள். அட்டையைத் திறந்ததும் விட்ட பக்கத்தில் விழித்துக்கொள்ளும், மூடினால் தூங்கும். பொத்தான் எங்கே என்று தேட வேண்டாம், புத்தகத்தைத் திறக்கிற பழக்கமே போதும். வயதானால் விரல்நுனி உலர்ந்துபோகும், தொடுதிரை அந்த விரலைச் சில சமயம் உணராது. ரப்பர் முனை வைத்த தொடுபேனா ஒன்று நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உறையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இப்போது, அமைப்பது. என் மாமா ஒருவருக்கு முதன்முதலாக வாங்கிக் கொடுத்தபோது, அழகாக இருக்கட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமல் பளபளப்புத் தாள் சுற்றிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்துப் போனபோது, அது அதே தாளின் மடிப்போடு பீரோவில், பட்டு வேட்டிகளுக்கு மேலே இருந்தது. திறந்ததும் ஆங்கிலத்தில் மொழி கேட்டிருக்கிறது, வைஃபை கடவுச்சொல் கேட்டிருக்கிறது, மின்னஞ்சல் கேட்டிருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பத்திரமாக மூடி வைத்துவிட்டார். 'அவன் ஆசையாக வாங்கினது, கெட்டுப்போகக் கூடாது' என்று மாமியிடம் சொன்னாராம். அன்றிலிருந்து நான் யாருக்கும் பிரிக்காத பெட்டியைக் கொடுப்பதில்லை.

எனவே விழாவுக்குப் பத்து நாள் முன்பே கருவி உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். உங்கள் சொந்த அமேசான் கணக்கிலேயே பதிவு செய்யுங்கள். சென்னையில் நீங்கள் வாங்கும் புத்தகம் மன்னார்குடியில் அவர் கையில் வந்து நிற்கும். பேரன்டல் கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய்க் கடையையும் உலாவியையும் ஒரு பின் எண் போட்டுப் பூட்டிவிடுங்கள், கை தவறிப் பணம் போகாது. மென்பொருள் புதுப்பிப்பு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு கிண்டிலுக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. உங்கள் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால், ஈபப் கோப்பை இணைத்து அனுப்பினால் போதும், அங்கே புத்தகமாக இறங்கிவிடும். தமிழ் எழுத்து மெலிதாகத் தெரிந்தால் காலிபர் என்ற இலவச மென்பொருளில் தடித்த எழுத்துரு ஒன்றை ஈபப்புக்குள்ளேயே பதித்து அனுப்பலாம். கோவித் கோயல் என்ற இந்தியர் 2006இல் தொடங்கி இன்றுவரை வளர்த்துவரும் மென்பொருள் அது, மின்னூல் வேலை செய்யும் எங்களுக்கு அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

அவர் வீட்டில் வைஃபை இல்லையென்றால் அவருடைய போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பழக்குங்கள், படிக்கும்போது இணையம் தேவையில்லை, புத்தகம் இறங்கும்போது மட்டும் போதும். பழைய மாடல் கருவியாக இருந்தால் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள், 5இல் வைத்தால் அது கண்ணிலேயே படாது. மெனுக்கள் தமிழில் வராது என்பதுதான் கிண்டிலில் எனக்குள்ள பெரிய குறை. நாலே நாலு செயலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி உறையின் உள்பக்கம் ஒட்டுங்கள்: பக்கம் திருப்ப, முந்தைய பக்கம் போக, எழுத்தைப் பெரிதாக்க, வேறு புத்தகம் எடுக்க. சார்ஜ் கேபிள் அவருடைய போனுக்குப் போடுகிற டைப்-சி கேபிளாகவே இருக்கும், அதையும் சொல்லுங்கள், வேறு வேண்டும் என்று தேடப்போகிறார்.

ஐம்பது புத்தகத்தை ஏற்றிக் கொடுக்கும் ஆசை வரும், வேண்டாம். அட்டைகள் குவிந்து கிடந்தால் எதைத் தொடுவது என்று தயங்குவார். அவர் சொன்ன பத்தில் மூன்றை மட்டும் இறக்கி வையுங்கள். ஒன்று முடியும்போது அடுத்ததை அனுப்புங்கள். 'எது வரை வந்திருக்கிறீர்கள்?' என்று வாரம் ஒருமுறை போனில் கேளுங்கள். உங்களோடு அதைப் பற்றிப் பேசுவதற்காகவே இன்னும் இருபது பக்கம் படிப்பார், இதை நான் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன். நூலகத்துக்குப் போவதையும் அவர் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிற இடம் அது.

கடைசியாக, விழா அன்று மேடையில் வைத்துக் கொடுக்காதீர்கள். உறவுக் கூட்டத்தில் கை மாறி மாறிப் போகும், ஆளாளுக்கு ஒரு பொத்தானை அமுக்குவார்கள், 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு' என்று ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். மறுநாள் காலை, பந்தல் பிரிக்கிற சத்தம் ஓய்ந்தபின், அவர் காபி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் ரொம்ப நாளாகத் தேடிய புத்தகத்தின் முதல் பக்கம் திறந்திருக்கட்டும், எழுத்து ஏற்கெனவே பெரிதாக இருக்கட்டும். கருவியைப் பற்றி ஒன்றும் விளக்காமல் கையில் கொடுத்து, முதல் பத்தியை உங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.